கடைசி நம்பர்

லோவெலின் இரண்டு பையன்களையும் காணவில்லை.

ஞாயிறு பள்ளி அறையில் வெர்லின் மேஜைக்கடியில் பார்த்தார், பியானோவுக்குப் பின்னால் பார்த்தார், பாடகர் குழுவின் அங்கிகள் தொங்கும் அலமாரியைத் திறந்து பார்த்தார். உள்ளே வேறு யாரோ பெற்ற மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் உதட்டில் விரலை வைத்து அவரை எச்சரித்துவிட்டு, கதவை உள்ளேயிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டார்கள். அறை வாசலில் லோவெல் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, பிள்ளைகளைத் தொலைத்தது தான்தான் என்பது போல நின்றுகொண்டிருந்தார்.

"அவசரம் ஒண்ணுமில்ல வெர்லின். எங்க நம்பரைக் கூப்பிட இன்னும் நேரமிருக்கு. சும்மா எட்டிப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

பையன்கள் கடைசியில் மணிக்கூண்டுப் படிக்கட்டில் அகப்பட்டார்கள். கயிற்றைப் பிடித்துத் தொங்கலாமா என்று பெரியவன் யோசித்துக்கொண்டிருந்தான். சின்னவன் யோசிக்காமல் தொங்கிக்கொண்டிருந்தான். நல்லவேளையாக மணிக்கு வயதாகிவிட்டிருந்தது, ஒலிக்கவில்லை.

நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை. வடக்கு மினசோட்டாவில் அந்த மாதத்துக்கு வெளிச்சம் என்று தனியாக ஒன்று கிடையாது. காலையில் விடிவது போல இருக்கும், அப்புறம் மனம் மாறிவிடும். அன்றைக்குத்தான் சர்ச்சில் வருடாந்திர மீன் விருந்து. சுற்றுவட்டாரத்து நார்வே வம்சாவளிக் குடும்பங்கள் எல்லாம் வந்து, நம்பர் அட்டை வாங்கிக்கொண்டு, மேலே ஆராதனை பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கும். நம்பரைக் கூப்பிடக் கூப்பிட, குடும்பம் குடும்பமாகக் கீழ்த்தளத்துக்கு இறங்கி, வாசலில் விருந்துப் பொறுப்பாளர் ஆர்டிஸிடம் அட்டையைக் கொடுத்துவிட்டுப் பந்தியில் உட்கார வேண்டும். லூட்டஃபிஸ்க், அதாவது காரநீரில் ஊறவைத்து வேகவைத்த கருவாடு, உருக்கிய வெண்ணெயில் தளதளவென்று ஆடிக்கொண்டு வரும். அடுப்பில் ஒரு நிமிடம் கூடிப்போனாலும் கூழாகிவிடும் சாதி அது. கூடவே உருளைக்கிழங்கு ரொட்டி. பிள்ளைகளுக்கும் நோஞ்சான் வயிற்றுக்காரர்களுக்கும் என்று ஓரமாகக் கொஞ்சம் கறி உருண்டைகளும் உண்டு.

மேலே காத்திருக்கும் நேரம்தான் பிரச்சினை. பெரியவர்கள் எவ்வளவு நேரமானாலும் பெஞ்சில் உட்கார்ந்து பனி எப்போது விழும் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகளால் அது ஆகாது. அவர்களைப் பக்கத்து அறையில் வைத்து விளையாட்டுக் காட்ட ஓர் ஆள் வேண்டும். பல வருடங்களாக அந்த ஆள் வெர்லினின் மனைவி மார்லிஸ். போன வசந்தத்தில் அவள் இறந்துபோனாள். விருந்துக் குழு வெர்லினைக் கேட்டது. காலமெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர், பிள்ளைகள் விஷயம் அத்துப்படியாக இருக்கும் என்று அவர்களுக்கு எண்ணம். வெர்லின் பிள்ளைகளைப் பார்த்ததெல்லாம் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில். அண்ணாந்து பார்த்து "உக்காருங்க" என்பார். அதற்கு மேல் இரு தரப்புக்கும் பேச்சுவார்த்தை நடந்ததில்லை.

ஆனாலும் ஒப்புக்கொண்டார். காரணம் மகள் ஹைடி. கோடையில் அவள் கணவனைப் பிரிந்து, எட்டு வயது மகள் சிக்னியோடு அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். பக்கத்து ஊர் மருத்துவமனையில் நர்ஸ் வேலையும் கிடைத்தது. பள்ளி விட்ட பிறகு சிக்னியை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் தீராமல் கிடந்தது. உங்களுக்குச் சிரமம் அப்பா, ஃபார்கோ நகரத்தில் என் தோழி வீட்டு மாடி காலியாக இருக்கிறது, விருந்து முடிந்ததும் முடிவு பண்ணலாம் என்றாள் ஹைடி. "உன் சௌகரியம்" என்றார் வெர்லின்.

சொல்ல வந்தது அதுவல்ல. ஒரே ஒரு கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, குளிர்காலம் முழுக்க அந்த வீட்டில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் 'இரு' என்று சொன்னால் அது கேட்பது போல ஆகிவிடும். வாய்விட்டுக் கேட்பது அந்த ஊரில் வழக்கமில்லை. பிள்ளைகளை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளத் தனக்குத் தெரியும் என்று இன்றைக்கு ஒருநாள் காட்டிவிட்டால், மகள் தானாகவே புரிந்துகொண்டு இருந்துவிடுவாள். இதுதான் அவர் போட்ட திட்டம்.

திட்டத்தின் முதல் அரை மணி மணிக்கூண்டில் போயிற்று.

ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே ஆர்டிஸ் படியேறி வந்தாள். கீழ்த்தளத்துச் சமையலறைக்கும் வாசலுக்கும் அவள் வைத்ததுதான் சட்டம். பாஸ்டரே அவளிடம் அட்டையைக் காட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

"மார்லிஸ் இருந்தப்ப இந்த ரூம்ல பிள்ளைங்க இருக்காங்களான்னே தெரியாது. நம்பரைக் கூப்பிட்டா வாசல்ல ரெடியா நிக்கும். நீ என்னடான்னா ஒவ்வொண்ணா கூண்டுல போய்ப் பிடிச்சுட்டு வர்ற."

"அவ எப்படிச் சமாளிச்சான்னு எனக்குத் தெரியல, ஆர்டிஸ்."

"இருந்தப்பவே கேட்டு வெச்சிருக்கணும்" என்றாள் ஆர்டிஸ். சொன்ன பிறகு அவளுக்கே சங்கடமாகி, அவர் தோளில் இருந்த நூலைத் தட்டிவிட்டுக் கீழே போனாள்.

வெர்லின் கேட்டதில்லை. விருந்து நாளில் அவருக்குச் சமையலறையில் மீன் வடிக்கிற வேலை. எல்லாம் ஓய்ந்த பிறகு, கடைசிப் பந்தியில்தான் மார்லிஸ் கீழே வருவாள். அதற்குள் மீன் தீர்ந்திருக்கும். ஐயோ பாவம், பிள்ளைகளோடு மல்லுக்கட்டிவிட்டு இதற்காகத்தானே ஆசையாக வருகிறாள் என்று, வெர்லின் வருடம் தவறாமல் ஒரு பெரிய தட்டு மீனைச் சூட்டடுப்பில் ஒளித்து வைத்திருப்பார். அதைப் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிடும். பாதியை அவர் தட்டில் தள்ளுவாள். இருவரும் பேசாமல் சாப்பிடுவார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வீட்டிலும் அவளே ஊறவைத்து, அவளே வேகவைத்துப் பரிமாறுவாள். வெர்லினுக்கு அந்த மீனைக் கண்டாலே ஆகாது. சோப்புக் கட்டியை வெண்ணெயில் தொட்டு விழுங்குவது போல இருக்கும். ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை. அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்போது எப்படிச் சொல்வது?

அறைக்குத் திரும்பி, வண்ணம் தீட்டும் காகிதங்களை எடுத்துக் கொடுத்தார். பெட்டியில் இருந்ததெல்லாம் பழுப்பு நிறப் பென்சில்கள். பிள்ளைகள் பழுப்பு வானத்தையும் பழுப்புச் சூரியனையும் தீட்டிவிட்டு, அடுத்து என்ன என்று பார்த்தார்கள். கதை சொன்னார். ஒரு பெரிய மீன் ஒரு ஆளை விழுங்கிய கதை. அந்த மீனைத்தான் இன்றைக்குக் கீழே வேகவைக்கிறார்களா, அந்த ஆள் இன்னும் உள்ளே இருக்கிறானா என்று ஒரு குட்டிப் பெண் கேட்டாள். அவர் பதில் யோசிப்பதற்குள் அழ ஆரம்பித்தாள். அழுகை தொற்றிக்கொண்டது. அந்தக் குழப்பத்தில் லோவெலின் சின்னவன் மறுபடி கதவுப் பக்கம் நழுவினான்.

அப்போதுதான் வெர்லினுக்கு அந்த யோசனை வந்தது. பேருந்தில் எந்தப் பிள்ளை எந்த நிறுத்தம் என்று பையில் அட்டை குத்தியிருப்பார்கள். அதே மாதிரி செய்தால் என்ன? பெஞ்சு பெஞ்சாகப் போய், குடும்ப நம்பர் அட்டையைப் பிள்ளையின் ஸ்வெட்டரில் குத்திவிடலாமா என்று கேட்டார். எதற்கு என்று ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. எல்லாரும் கொடுத்தார்கள். லோவெல் முப்பத்தொன்றைக் கொடுத்தார். ஹைடி பன்னிரண்டைக் கொடுத்துவிட்டு, "ரொம்பக் கஷ்டப்படாதீங்கப்பா" என்றாள். தன்னால் முடியாது என்று இப்போதே தீர்மானித்துவிட்டாள் போல என்று வெர்லின் நினைத்துக்கொண்டார்.

ஊக்கு குத்தி முடிந்ததும் அதிசயம் நடந்தது. அறை அடங்கிவிட்டது. பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே தரையில் உட்கார்ந்து, ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். அவ்வப்போது ஒரு ஜோடி எழுந்து, வேறு ஆளோடு போய் உட்காரும். சிக்னி நடுவில் நின்று மேற்பார்வை பார்த்தாள். பாஸ்டர் அந்தப் பக்கம் வந்தவர், மௌன ஜெபம் என்று நினைத்து, கையைக் கட்டிக்கொண்டு சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார். மார்லிஸ் போன பிறகு முதல்முறையாக வெர்லினுக்கு எதையோ சரியாகச் செய்த உணர்வு வந்தது. ஹைடியைக் கூப்பிட்டுக் காட்ட நினைத்தார். தம்பட்டம் அடிப்பது போல இருக்கும் என்று விட்டுவிட்டார்.

ஒன்றிலிருந்து நாற்பது வரை கூப்பிட்டார்கள். லோவெல் வந்தார். பெரியவனின் ஸ்வெட்டரைக் குனிந்து பார்த்தார். நூற்றுப் பதினெட்டு என்றிருந்தது.

வேறு ஊராக இருந்தால் இந்த இடத்தில் கூச்சல் கிளம்பியிருக்கும். லோவெல் கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார்.

"முப்பத்தொண்ணுன்னு நெனச்சுட்டு இருந்தேன். சரி, நமக்கும் வயசாகுதில்ல" என்று சொல்லிவிட்டு, பழையபடி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

முப்பத்தொன்று சற்று முன்னால் வந்திறங்கிய ஓர் இளம் தம்பதியின் பையன் மேல் இருந்தது. அவர்களுக்கு ஒரே கூச்சம். நேற்றே வந்து காத்திருந்தவர்கள் போல முன்னால் முண்டிக்கொண்டு போவதாவது என்று கோட்டைக்கூடக் கழற்றாமல் கடைசி பெஞ்சில் பதுங்கிவிட்டார்கள். அடுத்தடுத்து வந்த குடும்பங்களுக்கும் இதே கதை. சின்ன நம்பர் கிடைத்தவர்கள் நமக்கு அருகதை இல்லை என்று உட்கார்ந்தார்கள். பெரிய நம்பர் கிடைத்தவர்கள் நமக்குத்தான் மறதி என்று உட்கார்ந்தார்கள். மேலே பெஞ்சுகள் நிரம்பி வழிந்தன. கீழே பந்தி காலியாகக் கிடந்தது.

ஆர்டிஸ் மறுபடி வந்தாள். இந்த முறை குரலே எழவில்லை. அது கோபத்தின் அடுத்த படி.

"வெர்லின். கீழ ஒரு ஜீவன் இல்ல. மீன் சட்டியில கரையுது."

வெர்லின் ஒரு பையனை நிறுத்தி, உன் அட்டை ஏன் மாறியிருக்கிறது என்று கேட்டார். அவன் ஒளிக்கவில்லை.

"தோத்துட்டேன். கண்ணை முதல்ல சிமிட்டினவன் சின்ன நம்பரை எடுத்துக்கணும். சின்ன நம்பர்னா முதல்ல போய் மீன் தின்னணும்ல."

மௌன ஜெபத்தின் பொருள் அவருக்கு விளங்கியது. அட்டைகளை எல்லாம் பிடுங்கி மேஜையில் குவித்தார். முதலில் யாருக்கு எந்த நம்பர் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். அத்தனை பிள்ளைகளும் கடைசி நம்பர் தன்னுடையதுதான் என்று சாதித்தார்கள். ஒருத்தி இயேசுவின் மேல் ஆணையிட்டாள்.

ஆராதனைக் கூடத்துக்குப் போய் பீடத்துக்கு முன்னால் நின்றார். அட்டையில் சின்னத் தவறு நேர்ந்துவிட்டது, முதலில் வந்தவர்கள் தயவுசெய்து எழுந்து கீழே போகலாம் என்று சொன்னார். ஒருவரும் அசையவில்லை. முன் பெஞ்சுக்காரர் பின் பெஞ்சைக் கைகாட்டினார். பின் பெஞ்சுக்காரர் தாங்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினோம் என்று பொய் சொன்னார். வாசல் பக்கம் வயதான இரண்டு தம்பதிகள், நீங்கள் முதலில், இல்லை நீங்கள்தான் என்று ஆரம்பித்து, நால்வரும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள். பசியில் யாருடைய வயிறோ உறுமியது. அது தன்னுடையது இல்லை என்பது போல எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள்.

இனி அவருக்குத் தெரிந்த ஒரே வித்தைதான் பாக்கி. அறைக்கதவை அகலத் திறந்து, பேருந்துக் குரலில் "வரிசையா இறங்குங்க" என்றார். பிள்ளைகளைக் கீழே கொண்டுபோனால் பெற்றவர்கள் பின்னாலேயே வந்துவிடமாட்டார்களா? அத்தனை பிள்ளைகளும் அணிவகுத்துப் படியிறங்கி, காலிப் பந்தியில் உட்கார்ந்தார்கள்.

பெற்றவர்கள் வரவில்லை. அட்டை இல்லாமல் எப்படி வருவது? படிக்கட்டின் உச்சியில் கொத்தாக நின்று, கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். கீழே பரிமாறும் பெண்கள் மீன் தட்டுகளைக் கொண்டுவந்தார்கள். அவை ஒரு முனையில் புறப்பட்டு, கை மாறிக் கை மாறி, தொடாமலே மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தன. கறி உருண்டைகள் வந்தன. அவை போய்ச் சேரவில்லை. ஆர்டிஸ் உள்ளே போய்த் திரும்புவதற்குள் ஊர் முழுவதுக்குமான கறி உருண்டைகளும், முக்கால்வாசி ரொட்டியும் முடிந்திருந்தன. லோவெலின் சின்னவன் மேஜைக்கடியில் படுத்துவிட்டான்.

கடைசியில் ஆர்டிஸே மேலே வந்து, இப்போது இறங்காதவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றாள். அதற்குத்தான் எழுந்தார்கள். உட்கார்ந்த பிறகு தட்டில் வந்தது மீன் இல்லை. நடுவில் இரண்டொரு முள் கிடந்த கூழ். தொட்டுக்கொள்ள வேறெதுவும் இல்லை. ஒருவரும் குறை சொல்லவில்லை. "பரவாயில்ல" என்றார் லோவெல். "வித்தியாசமா இருக்கு" என்றார் பாஸ்டர். அந்த ஊர்க்காரர்கள் இந்த இரண்டு வார்த்தையையும் சேர்த்துச் சொன்னால், அதைவிடப் பெரிய வசவு கிடையாது. கரண்டிச் சத்தம் தவிர வேறு சத்தமில்லாமல் விருந்து நடந்தது. வெர்லின் பார்த்த சாவு வீட்டுச் சாப்பாடுகள், மனைவியினுடையது உட்பட, இதைவிடக் கலகலப்பாக இருந்தன.

ஆர்டிஸ் ஒரு பெரிய தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவள் கோபம் ஆறியிருந்தது. அது இன்னும் மோசம்.

"உனக்குன்னு தனியா எடுத்து வெச்சேன். நீ மார்லிஸுக்கு எடுத்து வெப்பியே, அந்த மாதிரி."

வெர்லின் நன்றி சொன்னார். கடைசித் துளி வரைக்கும் சாப்பிட்டார். எதிரே ஹைடி தன் கூழைக் கரண்டியால் வரப்பு கட்டிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்தாள். மார்லிஸ் இத்தனை வருடம் கட்டிக் காத்த பெயரை ஒரே மாலையில் தொலைத்துவிட்டோம், கூடவே மகளையும் பேத்தியையும் என்று நினைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மீன்தான் காரணம் என்று எண்ணி ஆர்டிஸ் தண்ணீர் கொடுத்தாள்.

வெளியே பனி விழத் தொடங்கியிருந்தது. மூவரும் காரில் ஏறினார்கள். ஹைடி முன்னால், சிக்னி பின்னால். கார் ஊர் எல்லையிலிருந்த தானியக் குதிர்களைத் தாண்டியது.

"நாளைக்குக் கொஞ்சம் பெட்டியெல்லாம் கட்டி வைக்கலாம்னு பாக்கறேன்பா" என்றாள் ஹைடி, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி.

போகாதே என்பது வெர்லினின் நாக்கு நுனி வரை வந்தது. அங்கேயே நின்றுகொண்டு, தனக்குப் பின்னால் வந்த வார்த்தைக்கு வழிவிட்டது.

"ம். ரோடு வழுக்கும். பாத்து ஓட்டிட்டுப் போ."

"சரிப்பா."

அவ்வளவுதான். வெர்லின் பழக்கதோஷத்தில் அண்ணாந்து கண்ணாடியைப் பார்த்தார். பின் இருக்கையில் சிக்னி ஏதோ ஒரு அட்டையை முழங்காலில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். மேஜையில் குவித்ததில் அவருக்குத் தப்பிய அட்டை. அன்றைய கடைசி நம்பர்.

"அந்த விளையாட்டை உனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"பாட்டிதான். வருஷா வருஷம் விருந்துக்கு வரும்போது விளையாடுவோம். முடிஞ்சதும் அவங்கவங்க நம்பரை அவங்கவங்களுக்கே திருப்பிக் குடுத்துடுவாங்க. கடைசி நம்பரை மட்டும் பாட்டி வெச்சுக்குவாங்க, அப்பதான் மீன் தீந்திருக்கும்னு. பாட்டிக்கு அந்த மீன்னாலே குமட்டும். ஆனா நீங்க ஆசையா எடுத்து ஒளிச்சு வெச்சுடுவீங்களாம், பாவம் தாத்தாவுக்கு அது உசிரு, மூச்சு விட்டுடாதேன்னு சொல்லுவாங்க."

காரின் வேகம் தானாகக் குறைந்தது. வெர்லின் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மீன் தட்டைப் பார்த்ததும் மார்லிஸ் கண் கலங்கியது எதற்கென்று இப்போது தெரிந்தது. கண்ணாடி துடைப்பான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. ஹைடி மெதுவாகத் தலையைத் திருப்பி, அப்பா உன்னிடம் கேட்டாரா, சும்மா இருக்கமாட்டாயா என்று மகளை அடக்கப் பார்த்தாள்.

"ஏன், நான் உன் விஷயத்தையா சொன்னேன்?" என்றாள் சிக்னி. "ஃபார்கோ போகவே இஷ்டமில்ல, தாத்தா ஒரு வார்த்தை இருன்னு சொன்னா இருந்துடலாம்னு நேத்து அழுதியே, அதை நான் தாத்தாகிட்ட சொல்லவே இல்லையே."